டாஷ்போர்டில் பள்ளிகொண்டவர்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. மரியாதை காரணமில்லை. எழுதினால், இனிஷியல் தப்பு என்று போன் பண்ணுவார். சரியாக இருந்தாலும் பண்ணுவார். என் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டவர், எனக்கு அத்திம்பேர். அதற்குமேல் அவருக்கு அடையாளம் வேண்டாம். அவரை வெறுக்கிறேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன். வெறுக்க வேண்டுமென்றால் எதிராளி கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும். எனக்கு அவர்மேல் இருப்பது சுத்தமான இளக்காரம்.

திருச்சியில் ஒரு பெரிய தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தார். அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம். ஓய்வு பெற்ற பிறகு அதே வேலையை இலவசமாகச் செய்ய ஆரம்பித்தார். ஓட்டலில் தோசை வந்தால் முதலில் அதைத் தூக்கி அடிப்பக்கம் பார்ப்பார். சர்வரைக் கூப்பிட்டுக் கல் எவ்வளவு சூட்டில் இருக்க வேண்டும் என்று சொல்வார். அந்த மனுஷன் கையில் நாலு தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பான். கடைசியில் தோசையை ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டுவிட்டு, "வாயில வைக்க முடியலை" என்று எழுந்திருப்பார்.

யார் எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான். "எனக்குத் தெரியாதா?" மழை வரும்போலிருக்கு என்று சொல்லிப் பாருங்கள். எனக்குத் தெரியாதா? உங்கள் சட்டையில் காக்கா எச்சம் போட்டிருக்கு என்று சொல்லிப் பாருங்கள். அதுவும் தெரியும். தெரிந்தேதான் அந்தச் சட்டையோடு உத்தர வீதியைச் சுற்றி வந்திருக்கிறார்.

கோயிலில் பிரபந்த கோஷ்டியில் கடைசி வரிசையில் உட்காருவார். முன்னால் சேவிக்கிறவர்களில் யாராவது ஒரு சொல்லை விழுங்கினால் போதும், அந்தச் சொல்லை மட்டும் இரண்டு மடங்கு சத்தமாகச் சொல்வார். மொத்த கோஷ்டியும் திரும்பிப் பார்க்கும். ஒருநாள் அவரே இரண்டு வரியை முழுசாக விட்டுவிட்டுத் தாண்டிப் போனார். பக்கத்திலிருந்த மாமா மெதுவாக, "ஸ்வாமி, நடுவுல ரெண்டு வரி..." என்று ஆரம்பித்தார். இவர் அசரவில்லை. "அது பாடபேதம்" என்றார். வேறு ஓலையில் வேறு மாதிரி இருக்கிறதாம். அவர் விட்டால் பாடபேதம், அடுத்தவன் விட்டால் அபசாரம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான், என் அக்கா அவர் வீட்டில் இல்லாவிட்டால். நாங்கள் திருவானைக்காவலில் வளர்ந்தவர்கள். சின்ன வயதில் அக்காவின் வாய் தெருவுக்கே தெரியும். ரேஷன் கடை வரிசையில் குறுக்கே புகுந்த ஒரு ஆம்பளையின் பையைப் பிடுங்கி, வரிசையின் கடைசியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தவள். அப்படிப்பட்டவள் கல்யாணத்துக்குப் பிறகு பாதி வாக்கியத்தில் நிறுத்தப் பழகிக்கொண்டாள். "இல்லை, நான் என்ன சொல்ல வந்தேன்னா..." அவ்வளவுதான் வெளியே வரும். மிச்சத்தை அவர் முடிப்பார், இல்லையென்றால் அது அப்படியே போகும். அடுப்பங்கரையில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருக்கும்போதுகூட அவள் பாதியில் நிறுத்துவதைப் பார்க்கும்போது, மிச்ச வாக்கியமெல்லாம் எங்கே போச்சு, அடிப்பாவி, என்று உலுக்கத் தோன்றும்.

அவளுக்கு டிரைவிங் லைசென்ஸ் இருந்தது. பையன் வேலைக்காக வெளியூர் போனதும், வீட்டில் பொழுது போகவில்லை என்று டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து முதல் தடவையிலேயே பாஸ் பண்ணிவிட்டாள். அத்திம்பேர் இரண்டாம் தடவை. முதல் தடவை அவர் இன்ஸ்பெக்டருக்கே ரூல் சொல்லிக் கொடுத்தார். கார் வாங்கிய புதிதில் ஒரே ஒருமுறை அவளிடம் கொடுத்தார். வீட்டிலிருந்து ராஜகோபுரம் போவதற்குள், கிளட்ச், கண்ணாடி, கை வைக்கும் இடம், மூச்சு விடும் வேகம் என்று அவர் சொல்லாத திருத்தம் இல்லை. அக்கா நடு வீதியில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து கார் சாவி அவர் பூணூலில் ஏறிவிட்டது. பெட்டிச் சாவியைப் பூணூலில் முடிந்துகொள்கிற கிழவர்களை நான் பார்த்திருக்கிறேன். உடம்பில் இருந்தாலே வண்டி கிளம்புகிற ரிமோட் சாவியை முடிந்துகொண்டவரை ஸ்ரீரங்கத்தில் வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சட்டையைப் போட்டால் நெஞ்சில் ஒரு மேடு தெரியும்.

அந்த சாம்பல் நிறக் காரில் அவருக்கு ரொம்பப் பெருமை, ஹெட்லைட் தானாக எரிவது. வெளிச்சம் குறைந்தால் எரியும், கூடினால் அணையும். வந்தவர் போனவரையெல்லாம் வெளியே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். வெளிச்சத்தை அளக்கிற எந்த சென்சாரை வைத்து அது எரிகிறது, அணைகிறது என்று மட்டும் அவருக்குத் தெரியாது. யாரையும் கேட்கவும் மாட்டாரே!

டாஷ்போர்டின் நடுவில், கண்ணாடியை ஒட்டி, கறுப்பாகப் பொத்தான் மாதிரி ஒன்று இருக்கும். அதுதான் சென்சார். மற்ற ஊர்க்காரர்கள் டாஷ்போர்டில் உட்கார்ந்த பிள்ளையாரை வைப்பார்கள், அவருக்கு இரண்டு விரல் இடம் போதும். நம்மவர் ஸ்ரீரங்கத்துக்காரர் ஆயிற்றே. ஆதிசேஷன்மேல் நீளமாகப் பள்ளிகொண்ட ரங்கநாதரைப் பித்தளையில் வாங்கி, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் போட்டு, நட்ட நடுவில், சரியாக அந்தப் பொத்தான்மேல் படுக்க வைத்தார். "பெருமாளை ஏளப்பண்றதுக்குன்னே அந்த இடத்துல ஒரு மேடு குடுத்திருக்கான் பாரு, கம்பெனிக்காரன்" என்று என்னிடம் சொன்னார். பெரிய பெருமாள் தெற்கே பார்த்துச் சயனித்திருக்கிறவர், அதனால் இந்தப் பெருமாளும் நிறுத்தும் இடத்திலெல்லாம் தெற்கே பார்க்க வேண்டும் என்று வேறு ஒரு சட்டம். காரின் மூக்கு வடக்கே திரும்பும்வரை முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருப்பார். பின்னால் இரண்டு ஆட்டோ, ஒரு பால் வண்டி, ஒரு ஸ்கூல் வேன், எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்.

சென்சாருக்கு என்ன தெரியும், பாவம். பெருமாள் மேலே படுத்தார், அதற்கு எப்போதும் ராத்திரி. சித்திரை மாசத்து உச்சி வெயிலிலும் ஹெட்லைட் ஜொலித்தது.

பகலில் லைட் எரிய வண்டி ஓட்டினால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எதிரே வருகிற ஒவ்வொருத்தரும் கையைத் தூக்கி, ஐந்து விரலையும் விரித்து மூடி விரித்து மூடிக் காட்டுவார்கள். முன்பின் தெரியாத மனிதருக்காக, ஓடுகிற வண்டியில் ஒரு கையை எடுத்து, உன் விளக்கு எரிகிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு இந்த ஊரில் ரொம்பப் பிடித்த பழக்கம் அது. அத்திம்பேருக்கு அது தாங்க முடியாத அவமானம். காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் இருபது பேர் அவரைத் திருத்திவிடுகிறார்களே! பல்லைக் கடிப்பார். "எனக்குத் தெரியாதா? ஆட்டோமேட்டிக்டா, மடையா" என்று கண்ணாடிக்குள்ளிருந்து கத்துவார். அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு காலேஜ் பெண் ஸ்கூட்டரிலிருந்து விரலைக் காட்டினாள் என்று, வண்டியை மறித்து நிறுத்தி, பெரியவர்களுக்குக் கையைக் காட்டலாமா என்று வகுப்பு எடுத்திருக்கிறார். அந்தப் பெண் கடைசியில், "அங்கிள், லைட் இன்னும் எரியுது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு ஐஸ்கிரீம் கடன்பட்டிருக்கிறேன்.

ஒருவழியாக சர்வீஸ் சென்டருக்குப் போனார். அக்காவோடு நானும் போயிருந்தேன். அங்கே வரவேற்பில் இருந்த பெண் காருக்குள் எட்டிப் பார்த்தாள், பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. "சார், சென்சார் மேல சாமி இருக்காருங்க. கொஞ்சம் தள்ளி வெச்சீங்கன்னா சரியாயிடும்."

"பெருமாளைத் தள்ளி வைக்கச் சொல்றியா?"

"இல்லைங்க சார், ஒரு ரெண்டு இஞ்ச்..."

"எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் குவாலிட்டில இருந்தவன்கிட்ட வந்து சென்சாரைப் பத்திப் பேசறே. உன் மேனேஜரைக் கூப்பிடு."

மேனேஜர் வந்தார். அந்தப் பெண் சாமியை அவமதித்துவிட்டாள் என்றார் இவர். அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு ஸாரி சொன்னாள், கண்ணெல்லாம் சிவந்துபோயிற்று. பிறகு இவர் கேட்டபடியே ஆள் வந்து, மெஷினை மாட்டி, சென்சார் செட்டிங்கை ஒரேயடியாகக் குறைத்தான். அதாவது, நன்றாக இருட்டினால்தான் லைட் எரியும். ஆதிசேஷனுக்கு அடியில் இருந்த சின்ன இடுக்கு வழியாக நுழைகிற வெளிச்சமே இப்போது பகலென்று காட்டப் போதுமானதாக இருந்தது. ஹெட்லைட் அணைந்தது. "பார்த்தியோ? செட்டிங்தான் கோளாறு. பெருமாள்மேல பழி போடறா" என்று நெஞ்சை நிமிர்த்தினார். சாவி மேடு நிமிர்ந்தது.

கிளம்பும்போது அக்கா பின்தங்கி, அந்தப் பெண்ணிடம் போய், யாருக்கும் கேட்காத குரலில், "நீ சொன்னதுதாம்மா சரி" என்றாள். முழு வாக்கியம். ஆனால் அவர் காதுக்கு எட்டாத தூரத்தில். எனக்கு அத்திம்பேரைவிட அக்காவைப் பார்க்கத்தான் ஆத்திரமாக வந்தது. இதைச் சத்தமாகச் சொல்ல இவளுக்கு இன்னும் எத்தனை ஜன்மம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

அடுத்த வாரம் லால்குடியில் எங்கள் சித்தி பெண்ணுக்குப் பூச்சூட்டல். மத்தியானம் கிளம்பினோம். அவர் ஓட்ட, அக்கா பக்கத்தில், நான் பின்னால். கொள்ளிடம் பாலம் தாண்டி, டோல்கேட்டில் திரும்பி, லால்குடி ரோட்டில் ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. வெயிலில் அந்த டேப் இளகிப்போயிருக்கிறது. பெருமாள் ஆதிசேஷனோடு வழுக்கி வந்து அக்காவின் மடியில் விழுந்தார்.

"அபசாரம், அபசாரம்! பிடிச்சுக்கத் தெரியாதா?" என்று அதற்கும் அக்காவைத்தான் திட்டினார். அவள் பெருமாளைப் புடவைத் தலைப்பால் துடைத்து மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது சூரியன் இறங்கிவிட்டது. வயலெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி ஆகி, எதிரே வருகிற வண்டிகள் லைட் போட்டுக்கொண்டு வந்தன. எங்கள் லைட் எரியவில்லை. எப்படி எரியும்? மேலே படுத்திருந்தவர் இப்போது மடியில். சென்சார் வானத்தைப் பளிச்சென்று பார்த்துக்கொண்டிருக்கிறது. செட்டிங்கோ கும்மிருட்டாகும்வரை காத்திரு என்கிறது. எதிரே வந்த லாரிக்காரன் லைட்டை அடித்து அடித்துக் காட்டினான். ஒரு பைக்காரர் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

"ஏன்னா, லைட் எரியலை" என்றாள் அக்கா.

"ஆட்டோமேட்டிக். வேணும்னா அதுவே எரியும். எனக்குத் தெரியாதா?"

"இல்லை, இருட்டிடுத்து, கையாலயாவது..."

"இரைஞ்சா செட்டிங் மாறுமா? சும்மா வா."

"அத்திம்பேர், எதிர்ல வர்றவாளுக்கு நம்ம வண்டி தெரியவே தெரியாது. ஸ்விட்சைத் திருப்புங்கோ!" என்று நான் பின்னாலிருந்து கத்தினேன். "ஓட்டத் தெரியாதவாள்லாம் ஓட்டறவனுக்குச் சொல்லாதீங்கோ" என்றார். பெருமாளை இறுகப் பிடித்திருந்த அக்காவின் விரல்கள் மட்டும் தெரிந்தன.

வாய்க்கால் கரைப் பாதையிலிருந்து ஒரு டிவிஎஸ் வண்டி ரோட்டுக்கு ஏறியது. பின்னால் வாழை இலைக் கட்டு. ஓட்டி வந்தவர் நின்று, இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் குறுக்கே வந்தார். அவர் திரும்பிப் பார்த்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். சாம்பல் நிற ரோட்டில், சாம்பல் நிற அந்தியில், விளக்கில்லாத சாம்பல் நிறக் கார் அவர் கண்ணில் படவில்லை. அத்திம்பேர் பிரேக்கை மிதித்தார். மோதியது இலைக் கட்டின்மேல்தான். ஆனாலும் வண்டி சுழன்று விழுந்தது, மனுஷர் கால் அதன் அடியில்.

அத்திம்பேர் இறங்கினார். உதவத்தான் இறங்குகிறார் என்று ஒரு நொடி நான்கூட நம்பிவிட்டேன். "கண்ணு தெரியலையா? ரோட்டைப் பார்த்து வரத் தெரியாதா?" என்று அந்த மனுஷரின் தலைமாட்டில் நின்று ஆரம்பித்தார். நானும் அக்காவும் ஓடிப்போய் டிவிஎஸ்ஸைத் தூக்கினோம். கால் கோணலாகத் திரும்பியிருந்தது. அக்கா பெருமாளைக் கீழே வைக்க இடமில்லாமல் இடுப்பில் அணைத்தபடியே இருந்தாள்.

இவர் கத்தக் கத்த இருட்டிக்கொண்டே வந்தது. ரோட்டோரத்து டீக்கடைப் பக்கமிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குச் சற்று முன்னால், எங்கள் எல்லார் முகத்திலும் பளீரென்று வெளிச்சம் அடித்தது. காரின் ஹெட்லைட் தானாக எரிந்துவிட்டது. அந்தத் துரோகி விளக்குக்கு அப்போதுதான் போதுமான இருட்டு கிடைத்திருக்கிறது. ரோடு முழுக்கச் சிதறிக் கிடந்த வாழை இலை பச்சைப் பசேலென்று தெரிந்தது.

"லைட்டே இல்லாம வந்துச்சுங்க இந்தக் காரு" என்றார் கீழே கிடந்தவர், வலியில் முனகிக்கொண்டு.

"என்னது? என்னது?" அத்திம்பேர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். கை நீட்டிக் காரைக் காட்டினார். "பாருங்கய்யா. எரியறதா இல்லையா? ஆட்டோமேட்டிக் வண்டி இது. எரியாம இருக்க வழியே கிடையாது."

எல்லாரும் பார்த்தார்கள். எரிந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவர், "என்னய்யா, தண்ணி கிண்ணி போட்டிருக்கியா?" என்று விழுந்தவரைக் கேட்டார். இன்னொருவர் குனிந்து அவர் வாயை மோந்து பார்த்தார். அந்த மனுஷர் முகத்தில் வலியைவிடப் பெரிதாக ஒன்று வந்தது. தான் பார்த்தது பொய்யோ என்று தனக்கே வருகிற பயம் அது. காலும் போச்சு, இனி பேரும் போகப் போகிறது. "எரியலை, நான் பார்த்தேன்" என்றேன். அத்திம்பேர் சிரித்தார். "இவ என் மச்சினி. எனக்கு ஆகாதவ. பின்னாடி உட்கார்ந்து தூங்கிண்டு வந்தா." கூட்டம் அதையும் நம்பத் தயாராக இருந்தது.

அக்கா எழுந்து நின்றாள்.

"எரியலை" என்றாள். கல்யாணமாகி வந்த உத்தர வீதியில் அவள் குரல் அப்படி ஒலித்ததே இல்லை. அது ரேஷன் கடைக் குரல். "இப்பத்தான் எரியறது. இவரை இடிச்சப்போ எரியலை. நான் சொன்னேன், எரியலைன்னு. இவர் கேக்கலை. இந்த மனுஷர் நின்னு பார்த்துட்டுத்தான் வந்தார். தப்பு எங்காத்துக்காரர்மேல."

கையில் பெருமாளை வைத்துக்கொண்டு ஒரு பொம்பளை சொன்னால் லால்குடி ரோட்டில் யார் நம்ப மாட்டார்கள்? அவள் அதை யோசித்துச் செய்யவில்லை, வைக்க இடமில்லாமல் வைத்திருந்தாள். வாய் மோந்தவர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"இவளுக்கு ஒண்ணும் தெரியாது..." என்றார் அத்திம்பேர். வாக்கியம் முடியவில்லை. பாதியில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கும் ஒருமுறை தெரியட்டும்.

"சாவியைத் தாங்கோ" என்று அக்கா கையை நீட்டினாள். "ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் காத்துண்டிருக்க முடியாது."

என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் ஒருமுறை நின்றால் அந்தச் சாவி இல்லாமல் மறுபடி கிளம்பாது. அவர் அசையவில்லை. டீக்கடைக்காரர், "குடுங்க சார், அம்மா கேக்குறாங்கள்ல" என்றார். அத்திம்பேர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். பூணூல் முடிச்சு வியர்வையில் இறுகிப்போயிருந்தது. ஹெட்லைட் வெளிச்சத்தில், பத்துப் பேர் பார்க்க, தன் நெஞ்சைத் தானே நோண்டிக்கொண்டு நின்றார் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. நான் உதவவில்லை. கண் குளிரப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடிபட்டவரைப் பின்சீட்டில் படுக்க வைத்து, தலையை என் மடியில் வாங்கிக்கொண்டேன். டீக்கடைக்காரர் முன்னால் ஏறி, பெருமாளை இரண்டு கையாலும் பத்திரமாக வாங்கிக்கொண்டார். அக்கா சீட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஸ்டியரிங் பக்கத்துத் திருகை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மாற்றிக் எப்போதும் எரிகிற இடத்தில் வைத்தாள். அத்திம்பேர் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"மிரரைச் சரி பண்ணிக்கோ. கிளட்சை மெதுவா..."

"ஏன்னா, நீங்க பஸ்ல வாங்கோ" என்றாள்.

போலீஸ் ஸ்டேஷனிலும் அக்கா அதையேதான் சொன்னாள், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். இலைக்காரருக்கு மாவுக்கட்டு போட்டார்கள். கால் ஒழுங்காகச் சேர்ந்துவிட்டது, இப்போது மறுபடி இலை கொண்டு வருகிறார். "நீங்க சொல்லலைன்னா என்னைக் குடிகாரன்னு எழுதியிருப்பாங்கம்மா" என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அத்திம்பேர் அன்று பஸ்ஸில்தான் வந்து சேர்ந்தார். கண்டக்டருக்கு வழி சொல்லிக் கொடுத்திருப்பார். அந்த விபத்தைப் பற்றி இன்றுவரை யாராவது கேட்டால், சென்சார் கம்பெனியின் கோளாறு என்கிறார். இதுவும் ஒரு பாடபேதம்தான் போலிருக்கிறது. சாவி மட்டும் பூணூலுக்குத் திரும்பவில்லை.

விபத்துக்கு மறுநாள் காலையில், திருச்சி ஆஸ்பத்திரியில் இலைக்காரரைப் பார்க்க அக்காவும் நானும் கிளம்பினோம். அவள் ஓட்டினாள். காவிரிப் பாலத்தில் எதிரே பால் கேனோடு வந்த ஒருவர், கையைத் தூக்கி விரலை விரித்து மூடிக் காட்டினார். பழக்கதோஷம், கத்தல் வரப்போகிறது என்று எனக்கு உடம்பு விறைத்தது.

"அட, ஆமா. நேத்திக்குப் போட்டது" என்றாள் அக்கா. அவருக்குக் கையைத் தூக்கிக் காட்டி, சிரித்து, திருகைத் திருப்பி லைட்டை அணைத்துவிட்டு ஓட்டினாள்.